தோட்டாவின் மூக்கை நம்பலாமா?

அமெரிக்காவில் ரைபிள் சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களில் பலர், கடைத் தோட்டா வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, புது மருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே தயார் செய்கிறார்கள். ‘ஹேண்ட்லோடிங்’ என்று பெயர். இந்தியாவில் உரிமம் இல்லாமல் இதைச் செய்தால் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் பாயும். அங்கே இது மீன் பிடிக்கப் போவதுபோல ஒரு விடுமுறை நாள் வேலை!

இதில் பொறுமையை ரொம்பச் சோதிப்பது, குண்டைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதுதான்.

துப்பாக்கிக் குழலின் உள்ளே சுருள் சுருளாக வரிகள் உண்டு. குண்டைச் சுழல வைப்பவை அவைதான். சுடுவதற்கு முன்பே குண்டு அந்த வரிகளில் முட்டிக்கொண்டு நின்றால், வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். சுடாமல் தோட்டாவை வெளியே எடுத்தாலோ, குண்டு குழலில் சிக்கிக்கொண்டு, மருந்து மட்டும் துப்பாக்கிக்குள் கொட்டிவிடலாம். அதற்குப் பயந்து மிக ஆழமாக இறக்கினால், கூட்டுக்குள் இடம் குறைந்து அப்போதும் அழுத்தம் கூடலாம்.

தோட்டாவின் முழு நீளத்தை அளந்தால் போதாதா? .30-06 ரகத்துக்கு அதிகபட்சம் 3.340 அங்குலம் என்று கணக்கே இருக்கிறதே! இருக்கிறது. ஆனால், குண்டு வரியைத் தொடுமா என்பதை அது சொல்லாது. ஒரே டப்பாவில் வரும் குண்டுகளிலேயே மூக்கு நுனி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஈய நுனி என்றால் நசுங்கியும் கிடக்கும். வரியை முதலில் தொடுவது மூக்கு அல்ல, அதற்குப் பின்னால் வளைவு தடிக்கும் இடம். அந்த வளைவுக்கு ‘ஓஜைவ்’ என்று பெயர். பழைய கோதிக் தேவாலயங்களின் கூர்வளைவுக்கும் இதே பெயர்தான்.

எனவே, அடியில் துளையிட்ட வெற்றுக் கூட்டில் ஒரு குண்டைத் தளர்வாக வைத்துத் துப்பாக்கிக்குள் செலுத்துகிறார்கள். மெல்லிய கம்பியால் அதை வரி தொடும்வரை மெதுவாகத் தள்ளுகிறார்கள். அழுத்தித் தள்ளினால் அளவு பொய்யாகிவிடும். பிறகு காலிப்பரில் ‘கம்பாரேட்டர்’ என்ற சிறு துளைக்கட்டையை மாட்டி, கூட்டின் அடியிலிருந்து அந்த வளைவுவரை அளக்கிறார்கள். ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை. கிடைத்த அளவிலிருந்து 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் பின்வாங்கி ஆரம்பிப்பது பலரின் வழக்கம்.

இந்த அளவை நண்பருக்குக் கடன் கொடுக்க முடியாது. அது அந்தத் துப்பாக்கிக்கும் அந்த ரகக் குண்டுக்கும் மட்டுமே சொந்தம். சுடச் சுட, சூட்டில் குழலின் தொண்டைப்பகுதி அரித்து வரிகள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்துவிடும். அப்போது மறுபடி காலிப்பரை எடுக்க வேண்டியதுதான்.