பித்அத் என்று சொல்வதற்கு முன்...



ரபீஉல் அவ்வல் பிறை தெரிந்தாலே மவ்லித் ஓதலாமா, கூடாதா என்ற சண்டையும் தொடங்கிவிடுகிறது. ஓதுகிறவர் வீட்டில் சாப்பிட மாட்டேன், ஓதாதவர் வீட்டு ஜனாஸாவுக்குப் போக மாட்டேன் என்று அது வளர்வதுதான் கவலை.

யமாமா போருக்குப் பின் குர்ஆனைத் தொகுக்கலாம் என்று உமர் (ரலி) சொன்னபோது, நபி (ஸல்) செய்யாததை எப்படிச் செய்வது என்று அபூபக்ர் (ரலி) தயங்கினார்கள். நன்மை விளங்கியதும் ஒப்புக்கொண்டார்கள். ரமலான் இரவில் பிரிந்து பிரிந்து தொழுதவர்களை ஒரே இமாமின் பின்னால் நிறுத்தி, அதை நல்ல பித்அத் என்றவர்கள் உமர் (ரலி). "நபியவர்களே சில இரவுகள் அப்படித் தொழவைத்தார்களே, அது புதிதல்லவே" என்று மறுதரப்பு கேட்பதும் நியாயமான வாதம்தான். இமாம் ஷாஃபிஈ புதியவற்றை நல்லது, கெட்டது என்று பிரித்தார்கள். இமாம் ஷாத்திபீ அதை ஏற்கவில்லை.

என் கருத்து இது. ஆறாவது வேளைத் தொழுகையை யாரும் சேர்க்க முடியாது. பைத்தில் வரம்பு மீறிய வரி இருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் ஸலவாத்து ஓத ஒரு நாளைக் குறிப்பவர், "ஓதாதவன் பாவி" என்று சொல்லாதவரை அவரை விட்டுவிடுங்கள்.

ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. அதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.