டைப் 1 பிள்ளைகளின் தாய்மாரை மறந்துவிட்ட சுகாதாரத் துறை



சர்க்கரை நோய் நடுவயதில்தான் வரும் என்ற நினைப்பிலேயே நம் அரசுத் திட்டங்கள் ஓடுகின்றன. அதன் டைப் 1 வகை அப்படியல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால், பலருக்குச் சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. 'நீ இனிப்புக் கொடுத்துக் கெடுத்தாய்' என்று பெற்றவளைப் பழிப்பது வெறும் அறியாமை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 மதிப்பீட்டின்படி, இருபது வயதுக்குட்பட்ட டைப் 1 நோயாளிகள் இந்தியாவில்தான் உலகிலேயே அதிகம், சுமார் 2.29 லட்சம் பேர். நாளுக்கு நான்கு ஊசி என்றால், 6 வயதிலிருந்து 18 வயதுக்குள் ஒரு பிள்ளைக்கு 17,000-க்கும் மேல். பெரும்பாலான வீடுகளில் அதைப் போட்டுவிடுபவர் அம்மாதான். சுகர் 'லோ' ஆகிவிடுமோ என்று இரவு இரண்டு மணிக்கு எழுந்து, தூங்குகிற பிள்ளையின் விரலில் குத்திப் பார்ப்பவரும் அவரே.

அந்தப் பிள்ளை வளர்ந்ததும், பல மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவிலிருந்து பொது மருத்துவப் பிரிவுக்கு ஒரு சீட்டோடு அனுப்பிவிடுகிறார்கள். இனி தாய் எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. இந்த மாற்றத்துக்குக் குறைந்தது ஓராண்டு முன்பே பிள்ளையைத் தயார்செய்ய வேண்டும் என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். நம் சுகாதாரத் துறை இதைத் தன் வேலையாகவே நினைக்காததைக் கண்டிக்கிறேன்.

'பிள்ளைதான் பெரியவனாகிவிட்டானே, அம்மா ஏன் இன்னும் பதற வேண்டும்?' என்று கேட்கலாம். பதின்ம வயதின் பிற்பகுதியில்தான் சர்க்கரைக் கட்டுப்பாடு பெரும்பாலும் மோசமாகிறது. சிகிச்சையைப் பாதியில் விடுபவர்களும் இந்த வயதில் அதிகம். அப்படியிருக்க, அந்தப் பயத்தை வெறும் பாசம் என்று எப்படித் தள்ளுவது? 'நோயாளி பிள்ளைதானே, தாய்க்கு எதற்குக் கவனிப்பு?' என்பதும் சரியல்ல. பெற்றோரின் மனஉளைச்சலுக்கும் பிள்ளையின் சர்க்கரை அளவுக்கும் தொடர்பு உண்டென்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவைக் காரணம் காட்டவும் இடமில்லை. 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோன தமிழக அரசு இது. கேரளத்தில் டைப் 1 பிள்ளைகளுக்கென்றே 'மிட்டாயி' திட்டம் நடக்கிறது.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் குழந்தை மருத்துவரும் பொது மருத்துவரும் ஒன்றாக அமரும் புறநோயாளிப் பிரிவை மாதம் ஒருநாளாவது நடத்துங்கள். அதே நாளில் தாய்மாருக்கு மனநல ஆலோசகரையும் அமர்த்துங்கள். பதினெட்டு வயதுக்குப் பிறகும் இன்சுலினும் பரிசோதனைப் பட்டைகளும் தடையின்றிக் கிடைக்கும் என்று சுகாதாரத் துறை அமைச்சர் அரசாணையாகவே அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி, திருச்சி