பாட்டு வகுப்பில் யார் கையில் குச்சி?

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பாட்டு வகுப்பு நடக்கிறதா என்று கேட்டால் தோழர்கள் சிரிப்பீர்கள். காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து, அப்புறம் தேசிய கீதம், ஆகஸ்டு வந்தால் கொடிப்பாட்டு. அதோட சரி. 2012இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் என எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. மாதம் 5,000 ரூபாய். கலைக்கு அரசு போட்ட விலை அது. வங்கியில் பணம் எண்ணுகிறவன், அதனால் விலைதான் முதலில் கண்ணில் படுகிறது.

ஆனால் இசையைப் பாடமாக வை என்று கேட்பதற்கு முன், எந்த இசை என்று நாம் பேசியாக வேண்டும். சும்மா விட்டால் சரளி வரிசை வரும், தமிழில் இல்லாத பிள்ளையார் கீதம் வரும். அதுதான் 'இசை', மற்றதெல்லாம் 'நாட்டுப்புறம்' என்ற பிரிவினையும் கூடவே வரும். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளையே பாருங்கள். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம். பறையும் ஒயிலும் அண்மை ஆண்டுகளில்தான், அதுவும் சில இடங்களில் பகுதிநேரமாக, வாசப்படி ஏறியிருக்கின்றன.

பறை என்றதும் நமக்குள்ளேயே இரண்டு கட்சி. சாவு மேளம் அடிக்கிறதை விட்டொழிச்சாதான் விடுதலை என்பது ஒன்று. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். என் பெரியப்பா கையில் சிண்டுக்குச்சி ஏறியது ஐந்தாம் வகுப்பில். புத்தகம் இறங்கியதும் அப்போதுதான். இன்னொரு கட்சி அதே பறையைக் கலகக் கருவியாக மேடைக்குக் கொண்டுவந்தது. தியாபிலஸ் அப்பாவு, கே.ஏ.குணசேகரன் போன்றவர்கள் நாட்டார் இசையை எடுத்துக்கொண்டு நம் சனங்களிடம் போனார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்திருக்கிறது. நான் இந்த இரண்டாவது கட்சி. ஆனால் ஒரு நிபந்தனையோடு.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்குப் பறையாட்டம் என்று முடிவாயிற்று. வாத்தியார் வகுப்பைப் பார்த்து, "காலனிப் பசங்க எல்லாம் எந்திரிங்கடா, உங்களுக்கு ரத்தத்துலயே ஊறுனதாச்சே" என்றாராம். பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். எட்டாம் வகுப்புப் பையன்கள் ஒன்பது பேர், மற்ற பிள்ளைகள் பார்க்கப் பார்க்க எழுந்து நின்றார்கள். வயலினுக்கு இப்படி யாரையும் ரத்தம் பார்த்து எழுப்புவதில்லை. பறை பள்ளிக்கூடத்துக்குள் வந்தது, ஊரும் சேரியும் கூடவே வந்தது. இப்படி வருவதற்கு அது வராமலே இருக்கலாம்.

ஆகவே குச்சி எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஏற வேண்டும். ஊர்த்தெருப் பிள்ளைதான் முதலில். வேப்பங்கட்டையில் சட்டம் கட்டுவதையும், புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை இழுத்து ஒட்டுவதையும், வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் பறை விறைப்பதையும் அந்தப் பிள்ளை தொட்டுச் செய்யட்டும். இப்போது பைபர் பறை வந்துவிட்டது. மழையில் தொய்யாது, காய்ச்ச வேண்டாம், வசதிதான். இருந்தாலும் வகுப்பறைக்கு முதலில் தோல்பறைதான் வர வேண்டும். மாட்டுத்தோலைத் தொட்ட கையோடு மதியச் சோறு தின்னட்டும். ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, சாவு அடி எல்லாவற்றையும் படிக்கட்டும். எந்த அடியை யார் வீட்டு வாசலில், யார், என்ன கூலிக்கு அடித்தார்கள் என்பதும் அந்தப் பாடத்திலேயே இருக்கட்டும்.

அதேபோல் மிருதங்கம் படிக்கிற பிள்ளைக்குத் தோலின் கதையைச் சொல்லுங்கள். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் நந்தன் என்று சேக்கிழாரே 12ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். நந்தன் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடுகிற சபாக்களுக்கு அந்தத் தோல் மட்டும் காதில் விழுவதில்லை. மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020இல் புத்தகம் எழுதியபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோலில் வரும் நாதம் வேண்டும், தோல் பற்றிய பேச்சு வேண்டாம்.

நம் பிள்ளைகளுக்குப் பறை, அவர்கள் பிள்ளைகளுக்கு வீணை என்ற பங்கீட்டுக்கும் நாம் தலையாட்டக் கூடாது. நம் பெண்பிள்ளை வயலின் கேட்டால் வயலின், கீபோர்டு கேட்டால் கீபோர்டு. கானா பிடித்தால் கானா. கூடவே வீட்டுப்பாடமாக, ஆத்தாவிடம் ஒரு நடவுப் பாட்டு, அப்பாயியிடம் ஓர் ஒப்பாரி கேட்டு எழுதிவரச் சொல்லலாம். ஒப்பாரியில் எந்த வருசம் பஞ்சம், எந்தப் பண்ணையார் அடித்தான் என்பதெல்லாம் வந்துவிடும். வரலாற்று வாத்தியாரும் உட்கார்ந்து கேட்கலாம்.

ஆசானுக்குப் பட்டம் எங்கே, பி.எட். எங்கே என்பார்கள். வாத்தியார் வேலைக்குத் தகுதி வகுத்தவர்கள் ஆசான்களையும் மனதில் வைத்து அதைத் திருத்தட்டும். சம்பளம் மற்ற ஆசிரியருக்கு உள்ளதே வேண்டும், மணிக்கணக்குக் கூலி வேண்டாம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்ப் பள்ளியின் கடைசி ஆண்டு விழாவில் பறை அடித்தது யார் யார், அவர்களைத் தேர்ந்தெடுத்தது எப்படி, மற்ற பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று விசாரித்து இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். பிள்ளைகள் பெயர் வேண்டாம். அடுத்த இதழில் போடுகிறோம்.