நடுவழியில் இறங்குகிறவர்களின் நேரம்

ரயில்வே வாரியத் தலைவர் அவர்களுக்கு, பசுவந்தனையிலிருந்து ஒரு பிரயாணி எழுதும் விண்ணப்பம்.

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. கைலாசநாதர் கோயிலும், சுற்றிலும் உளுந்தும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் காடும், கோவில்பட்டிக்குப் போய்வரும் சில பேருந்துகளுமே எங்களுக்கு வாய்த்த ஐசுவரியம். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்படும் நோயாளியும், சென்னைக்கு வேலை தேடிச் செல்லும் வாலிபனும், பட்டாளத்துக்குத் திரும்பும் சிப்பாயும் சுமார் 20 கிலோமீட்டர் பேருந்தில் போய்க் கோவில்பட்டியில்தான் வண்டி ஏறியாக வேண்டும். இரவு வண்டிக்குப் போகிறவர் கடைசிப் பேருந்தை நம்பி இருக்கமாட்டார். பொழுது சாயுமுன்பே பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். வண்டி வருவதற்கு முன்பே பாதி இரவைக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்கள் நாங்கள் என்பதை முதலில் தங்கள் சமுகத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

தாமதமே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. புரட்டாசி, ஐப்பசியில் வானத்தைப் பார்த்து மானாவாரியாக விதைத்துவிட்டு, மழை பொய்த்தாலும் யாரையும் நோகாமல் அடுத்த மழைக்கு ஆயத்தமாகிற ஜனங்களுக்குக் காத்திருத்தல் புதிய வித்தை அன்று. 2023 டிசம்பர் 17-ஆம் தேதி இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட வண்டி, பெருவெள்ளத்தில் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டதால் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெளியே வர 19-ஆம் தேதி ஆயிற்று. அக்கம்பக்கத்துக் கிராமத்தார் சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த வண்டியை மேலே போகவிடாமல் நிறுத்திய நிலைய அதிகாரியை நாடு பாராட்டிற்று. இரண்டு நாள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளவும் போற்றவும் முடிந்ததற்கு ஒரே ஹேது, அதன் காரணம் எல்லோருக்கும் பிரத்தியட்சமாகத் தெரிந்திருந்ததுதான்.

தெரியாத தாமதமே எங்களை வதைக்கிறது. இந்தக் கரிசல் பாதையிலுள்ள ஒரு நிலையத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். வண்டி இன்னும் சிறிது நேரத்தில் வந்து சேரும் என்று ஒலிபெருக்கி சொல்லிற்று. கூட்டம் எழுந்து நடைமேடை ஓரத்துக்கு வந்தது. ஆப்பரேஷன் செய்த கணவரைக் கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்திய ஓர் அம்மாள் கூஜாவையும் பாயையும் அள்ளிக்கொண்டார். வண்டி வரவில்லை. அரை மணி கழித்து அதே குரல், அதே கனிவு, அதே வாசகம். பக்கத்தில் நின்ற பையனிடம், "தம்பி, உன் போன்ல பார்த்துச் சொல்லுய்யா, வண்டி எங்கதான் நிக்கி?" என்று அவர் கேட்க, அவன் பார்த்துவிட்டு, "இன்னும் திருமங்கலமே தாண்டலை ஆச்சி" என்றான். ஒலிபெருக்கிக்கு மட்டும் அந்தச் சமாசாரம் எட்டவில்லை.

இஞ்சின்களில் இஸ்ரோவின் துணையோடு தங்கள் இலாகா பொருத்திவரும் கருவி, 30 விநாடிக்கு ஒரு முறை வண்டி இருக்குமிடத்தைச் செயற்கைக்கோள் வழியே கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்கிறது. ஆகாயம் வரை போய்த் திரும்புகிற செய்தி, நிலைய அதிகாரியின் மேசையிலிருந்து பத்தடி தூரத்திலுள்ள பெஞ்சுக்கு வராமற்போவது ஆச்சரியமே. கரும்பலகையில் சாக்கட்டியால் எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதிவைத்த மீட்டர்கேஜ் காலத்தில், அது சில சமயம் தவறாக இருந்தாலும், எழுதிய மனிதர் இருந்தார். அவரிடம் போய்க் கேட்கலாம்.

இது வெறும் மனச்சலிப்பு அன்று, உரிமை சம்பந்தப்பட்டதும் ஆகும். ஏறும் நிலையத்தில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பிரயாணத்தைக் கைவிட்டு முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம் என்பது தங்கள் விதி. ஆனால் அந்த வண்டி புறப்படுமுன் விண்ணப்பித்தாக வேண்டும். அரை அரை மணியாகத் தாமதத்தைத் தவணையில் அறிவித்தால், மூன்று மணி என்பதைப் பிரயாணி எப்போது அறிவது? வீடு திரும்புவதா, பேருந்தில் மதுரைக்கு விரைவதா என்று தீர்மானிக்கும் அவகாசமே அவரிடமிருந்து பறிபோகிறது.

2021 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், அஜ்மீர்–ஜம்மு வண்டி நான்கு மணி நேரம் தாமதித்ததால் விமானத்தைத் தவறவிட்ட ஒரு குடும்பத்தின் வழக்கில், தாமதத்துக்கான காரணத்தை விளக்கி, அது தன் சக்திக்கு மீறியது என்று ரயில்வே நிரூபிக்காவிட்டால் நஷ்டஈடு தரவேண்டியதே என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தில் சொல்லக் கடமைப்பட்ட காரணத்தை நடைமேடையில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இவற்றுக்கெல்லாம் மூலம் தங்கள் கணக்கில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வண்டி நேரத்துக்கு ஓடிற்றா என்பதைக் கடைசி நிலையத்தில் மட்டுமே அளக்கிறீர்கள். அங்கும் கால் மணி வரை பிந்தலாம். 2022-இல் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இதைச் சுட்டிக்காட்டிற்று. அந்தத் தளர்ந்த அளவுகோலின்படியே, 2012-13-இல் 79 சதவீதமாக இருந்த நேரந்தவறாமை 2018-19-இல் 69.23 சதவீதமாக இறங்கியதையும் பதிவு செய்தது. போதாக்குறைக்கு, கடைசிச் சில மைல்களுக்கு மட்டும் கால அட்டவணையில் தாராளமாக நிமிஷங்களைச் சேர்த்துவைக்கும் வழக்கமும் உண்டு. இதனால், கோவில்பட்டிக்கு முக்கால் மணி பிந்தி வரும் வண்டி, திருநெல்வேலியில் நேரம் தவறாத வண்டியாகக் கௌரவம் பெற்றுவிடக்கூடும். நடுவே இறங்குகிறவரும் ஏறுகிறவரும் அந்தக் கணக்கில் இடம்பெறுவதே இல்லை. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காகக் கிராசிங்கில் நின்றது என்ற பழைய சமாதானமும், மதுரைக்குத் தெற்கே இரட்டைப் பாதை வந்துவிட்ட பிறகு செல்லாது.

ஆகவே தங்களிடம் கோருவது அதிகமில்லை. ஒவ்வொரு வண்டிக்கும், கடைசி நிலையத்தோடு கோவில்பட்டி போன்ற இடைநிலையங்களிலும் வந்துசேர்ந்த நேரத்தைக் கணக்கில் எடுத்து மாதந்தோறும் வெளியிட உத்தரவிடுங்கள். அறிவிப்பில், வண்டி இப்போது எந்த ஊரில் இருக்கிறது, ஏன் நின்றது, எத்தனை மணிக்கு வரும் என்ற மூன்றையும் சொல்லச் செய்யுங்கள். திட்டமாகத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லலாம், கோபிக்கமாட்டோம். மூன்று மணி தாண்டும் என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்த கணமே, கட்டணம் திரும்பப் பெறும் விதியையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். இதற்குப் புதிய தண்டவாளமும் வேண்டாம், புதிய பட்ஜெட்டும் வேண்டாம். தங்கள் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை போதும்.

இங்ஙனம்,
கோவில்பட்டியில் வண்டி ஏறும் பசுவந்தனைக்காரன்