கரி போன வழியும் வெயில் வரும் வழியும்

பிரிக்பீல்ட்ஸுக்கு அடுத்த பங்சாரில் ஒரு காலத்தில் மின்சார நிலையம் நிலக்கரியில் ஓடியது. அந்தக் கரியும், மலாயா ரயில்வண்டிகள் எரித்த கரியும் சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கத்திலிருந்து வந்தவை. மலாயன் கொலியரிஸ் கம்பெனி 1915இல் தோண்டத் தொடங்கிய சுரங்கம் அது. சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் அங்கே உழைத்தனர். 1937இல் நடந்த வேலைநிறுத்தத்தில் சுரங்கமே தொழிலாளர் வசமாயிற்று. போலீஸ் படை புகுந்துதான் அதை மீட்டது. பின்னர் எண்ணெய் மலிந்தது, கரி வேண்டாததாயிற்று. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது.

இன்று கைவிட்ட சுரங்கங்களில் சூரிய மின் தகடுகளைப் பரப்புகிறார்கள். சீனாவின் ஹுவாய்நானில் சுரங்கம் தாழ்ந்து குளமான இடத்தில், 2017இல் 40 மெகாவாட் மிதக்கும் நிலையம் ஓடத் தொடங்கியது. நிலக்கரியை இன்னும் வெட்டிவரும் நம் நெய்வேலியிலும் 2015இல் 10 மெகாவாட் சூரிய நிலையம் எழுந்தது. நல்ல காரியமே. தோண்டிக் கெடுத்த நிலம் பயன்படுகிறது, காடு தப்புகிறது, புகையும் இல்லை.

ஆனால் ஆயிரமாயிரம் கைகளுக்கு வேலை தந்த சுரங்கம் எங்கே, தகடு பூட்டும் சில மாதக் குத்தகை வேலை எங்கே? பூட்டி முடித்தபின் காவலாளும் புல்வெட்டுபவரும் சில மின் தொழிலாளரும் போதும். வெயிலுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை என்பது முதலாளிமாருக்கு நன்றாகத் தெரியும்.

பால்மரக்காரருக்கு இந்தக் கதை புதிதா? பால்மரம் செம்பனையாயிற்று, செம்பனை வீடமைப்பாயிற்று, இனி வெயில் தோட்டமும் ஆகலாம். 1980ஆம் ஆண்டு ஆட்குறைப்பு விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இருபது ஆண்டு பால் வெட்டியவருக்கு 400 நாள் சம்பளம் கிடைக்கும். லயத்து வீடு போனால் அந்தப் பணம் எத்தனை நாளைக்கு வாடகை கட்டும்?

பத்து ஆராங் மூடப்பட்ட அதே 1960இல், தோட்டத் துண்டாடலுக்கு எதிராகத் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய சந்தாவில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அன்று மரத்தில் பங்கு பெற்றவன் இன்று மின்சாரத்தில் பங்கு கேட்டால் குற்றமா? வீட்டு மனையும், பிள்ளைகளுக்கு மின் தொழிற்பயிற்சியும், நிலையத்தில் கூட்டுறவுப் பங்கும் நிலக்குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். கையெழுத்தான பிறகு கேட்டால் கருணைத் தொகைதான் வரும்.

கிராணிமார்களே, நிலக் கடிதங்கள் முதலில் உங்கள் மேசைக்கே வருகின்றன. அளவைக்காரர் கல் நட வருகிறார் என்று அறிந்த அன்றே கிளைச் செயலாளருக்குச் சொல்லுங்கள்.