நூனவுட்: ஒரு தனிக்குடித்தனத்தின் கணக்கு

கூட்டுக் குடும்பம் பிரியும்போது வீடு, நிலமெல்லாம் எப்படியோ பாகம் ஆகிவிடும். தகராறு வருவது மாசச் செலவில்தான். ஒரே அடுப்பில் பொங்கியவர்கள் இரண்டு அடுப்பு வைத்தால் ஆளுக்குப் பாதி விறகு போதுமா என்ன?

கனடாவின் வடமேற்குப் பிரதேசம் 1999 ஏப்ரல் 1 அன்று இரண்டாகி, கிழக்குப் பாதி நூனவுட் ஆனதும் இதே கதைதான். பிரியலாம் என்று மக்கள் 1982 வாக்கெடுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். இனுயிட் மக்களின் நில உரிமை ஒப்பந்தமும் நூனவுட் சட்டமும் 1993-ல் வந்தன. அதற்குப் பிறகும் ஆறு வருடம் ஆயிற்று. அந்த வருடங்களில் பேசித் தீர்க்க வேண்டியிருந்தவற்றில் முக்கியமானது பணம்.

பிரதேச அரசு ஓடுவதே பெரும்பாலும் ஒட்டாவா தரும் மானியத்தில். 1985-லிருந்து அதற்கு ஒரு சூத்திரம் உண்டு: செலவுக்கென்று ஓர் அடிப்படைத் தொகை, அதில் சொந்த வருமானத்தைக் கழித்தால் மீதி மானியம். இந்த அடிப்படைத் தொகையைத் தலைக்கு இவ்வளவு என்று வெட்டிக் கொடுத்தால் என்ன ஆகும்? 1996 கணக்கெடுப்பில் மொத்தமே சுமார் 64,000 பேர். அதில் கிழக்கே 25,000 கூட இல்லை. ஊருக்கு ஊர் சாலை கிடையாது, விமானம்தான். அங்கே புதிதாக ஒரு சட்டசபை, ஒரு நிதித்துறை, ஒரு கல்வித்துறை. மேற்கே யெலோநைஃபில் மக்கள் குறைந்தாலும் அமைச்சகங்கள் அப்படியே இருக்கும். நிலையான செலவு என்று பி.காம். முதல் வருடத்தில் படிக்கிறோமே, அதுதான். இதை ஒட்டாவா ஒப்புக்கொண்டு, பிரிவினையால் கூடும் செலவுக்கு இரண்டு பக்கமும் தனியாகச் சேர்த்துக் கொடுத்தது. அந்த மட்டில் நல்ல பேரம்.

கோட்டை விட்டது வேறு இடத்தில். நிலமும் கனிமமும் பிரிந்த பிறகும் ஒட்டாவா கையிலேயே இருந்தன. மேற்கே எக்காட்டி வைரச் சுரங்கம் 1998-ல் திறந்தது. ஆனால் மேற்குக்கு அந்த அதிகாரம் கிடைத்தது 2014-ல். நூனவுட்டுக்குக் கையெழுத்தானதே 2024 ஜனவரியில், அதுவும் 2027 ஏப்ரல் 1 என்று நாள் குறித்து! பிரிவதற்கு முன் ஒட்டாவாவுக்கும் காரியம் முடிய வேண்டும் என்ற அவசரம் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தனிக்குடித்தனம் போனபின் கேட்பவனுக்கு ஏது அந்த பலம்?

ஆள் பயிற்சி இன்னும் மோசம். மக்களில் சுமார் 85 சதவீதம் இனுயிட். அரசு வேலைகளிலும் அந்த விகிதம் வர வேண்டும் என்பது 1993 ஒப்பந்தம். அதற்கான பயிற்சிக்கு எவ்வளவு பணம் என்று தொகை போட்டு எழுதவில்லை. கடைசியில் இனுயிட் அமைப்பு 2006-ல் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2015-ல் 25.55 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அந்த வருடத்திலும் நூனவுட் அரசு வேலைகளில் இனுயிட் மக்கள் ஏறக்குறைய பாதிதான்.