நூலளவில் தெரியும் ஆபத்து

உடற்பருமனை நிறையைக் கொண்டு மட்டும் தீர்மானிப்பது பொருத்தமற்றது என்ற கருத்து வைத்திய உலகில் வலுப்பெற்று வருகின்றது. 'லான்செட்' வைத்திய சஞ்சிகைக் குழுமம் அமைத்த சர்வதேச நிபுணர் ஆணைக்குழு 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, நிறையையும் உயரத்தையும் கொண்டு கணிக்கப்படும் உடற்திணிவுச் சுட்டியோடு இடுப்புச் சுற்றளவு போன்ற வேறோர் அளவீட்டையும் சேர்த்தே உடற்பருமனை உறுதிசெய்ய வேண்டுமெனப் பரிந்துரைத்திருந்தது. தமிழ் பேசும் மக்களாகிய நாம் இதனைக் கருத்திற்கொள்வது அவசியமாகும்.

தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பைக் கையால் பிடித்துப் பார்க்கலாம். வயிற்றறைக்குள் ஈரல், சதையி, குடல் ஆகியவற்றைச் சூழ்ந்து படியும் உள்ளுறுப்புக் கொழுப்பை அவ்வாறு அறிய முடியாது. நீரிழிவு, மாரடைப்பு, ஈரலில் கொழுப்புப் படிதல் ஆகியவற்றுடன் நெருங்கிய தொடர்புடையதும் இதுவே. இதனைத் துல்லியமாக அளக்க சி.ரி. ஸ்கானோ எம்.ஆர்.ஐ. ஸ்கானோ வேண்டும். முன்னையதில் கதிர்வீச்சு உண்டு, பின்னையதற்குப் பெருஞ்செலவாகும். நோயாளர்கள் காத்திருக்கும் இயந்திரங்களில் ஊரார் அனைவரது வயிற்றையும் படம்பிடித்தல் இயலாது. அதற்கான தேவையும் இல்லை.

தென்னாசியர்களுக்கு நிறை மட்டும் போதாது என்பதற்கு 2004 இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான ஒரு புகைப்படம் சான்றாகும். புனே நகரின் டொக்டர் யாஜ்னிக், லண்டனின் டொக்டர் யுட்கின் ஆகிய இரு ஆய்வாளர்கள் அதில் அருகருகே நின்றனர். இருவரதும் உடற்திணிவுச் சுட்டி 22.3 ஆகும். ஆயினும் இந்தியரின் உடலில் 21.2 சதவீதமும் ஆங்கிலேயரின் உடலில் 9.1 சதவீதமும் கொழுப்பு இருந்தது. தராசு ஒன்றையே சொன்னது. உடல்களோ வேறாக இருந்தன.

அவ்வாறாயின் மானிப்பாயிலுள்ள ஒரு குடும்பம் செய்யக்கூடியது யாது? ஒரு நூல் போதும். குதிக்கால் முதல் உச்சந்தலை வரையிலான உயரத்துக்கு நூலை வெட்டி, அதனை இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்ற வேண்டும். சாரமோ சேலையோ கட்டும் இடத்தில் அன்றி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளிழுத்தால் ஏமாறுவது நாமே. நுனிகள் சந்திக்காவிடின் இடுப்பு உயரத்தின் பாதியைத் தாண்டிவிட்டது என்று பொருள். தையல் நாடா இருப்பின் அளவையும் அறியலாம். தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகள் ஆகும். 166 சென்ரிமீற்றர் உயரமும் 63 கிலோ நிறையும் உடைய ஆண் ஒருவரின் உடற்திணிவுச் சுட்டி 22.9 ஆகும், தராசின்படி அவருக்குக் குறையில்லை. அவரது இடுப்பு 90 ஆயின், உயரத்தின் பாதியான 83 ஐ அது தாண்டிவிட்டது. கர்ப்பிணிகளுக்கு இம்முறை பொருந்தாது.

நூலுக்கும் எல்லை உண்டு. தோலடிக் கொழுப்பையும் உள்ளுறுப்புக் கொழுப்பையும் அது பிரித்தறியாது. உடற்திணிவுச் சுட்டி 35 ஐத் தாண்டியவர்களில் பெரும்பாலானோருக்கு இடுப்பும் எல்லை மீறியே இருக்கும் என்பதால், புதிதாக எதனையும் அது சொல்வதில்லை. அவர்களுக்கு இரத்தப் பரிசோதனை உதவும். 2000 இல் கியூபெக் ஆய்வாளர்கள், இடுப்பு 90 சென்ரிமீற்றரையும் இரத்தத்தின் ட்ரைகிளிசரைட் 177 மில்லிகிராமையும் எட்டிய ஆண்களிடம் உள்ளுறுப்புக் கொழுப்பின் அடையாளங்கள் மிகுந்திருப்பதைக் காட்டினர். ஈரலில் கொழுப்புப் படிந்துள்ளதா என்பதை அல்ட்ரா சவுண்ட் மூலம் காணலாம். கடைகளில் விற்கும் மின்தராசுகள் காட்டும் உள்ளுறுப்புக் கொழுப்பு எண் நேரடி அளவன்று. காலினூடாகச் செலுத்தப்படும் சிறு மின்னோட்டத்திலிருந்து சூத்திரத்தால் பெறப்படும் ஊகமே. அதற்காகக் கடன்படத் தேவையில்லை.

இவ்விடயத்தில் எமக்கு வேறொரு கவலையும் உண்டு. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடைபெற்ற நீரிழிவு ஆய்வு, வளர்ந்தோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டெனவும், அவர்களில் மூன்றிலொரு பங்குக்கும் அதிகமானோர் அதுவரை அதனை அறிந்திருக்கவில்லை எனவும் கண்டது. ஏழு மாகாணங்களில் நடைபெற்ற அந்த ஆய்வில் யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. எண்ணப்படாத மக்களாக நாம் ஒருமுறை இருந்துவிட்டோம். எம்மை நாமே அளப்பதற்கு இனியும் எவரையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் வைத்தியம் கற்பித்து, பின்னர் அதனைத் தமிழிலேயே போதித்து, வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். அறிவு மக்களின் மொழியில் அமைந்தாலே மக்களைச் சென்றடையும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இன்றும் சிகிச்சை நிலையங்களில் நிறையுடன் இடுப்பையும் அளந்து, நோயாளரின் அட்டையில் அவருக்கு விளங்கும் மொழியில் எழுதிக் கொடுப்பதே அந்த மரபுக்குச் செய்யும் மரியாதையாகும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் இதற்கு முன்வர வேண்டும். இதற்கு வேண்டுவது ஒரு நாடாவும் இரண்டு நிமிடமுமே.

ஆலய மண்டபங்களிலும் பள்ளிவாசல் முன்றல்களிலும் ஆண்களுக்கு இதனைச் செய்துகாட்டலாம். பெண்கள் வீட்டுக்குள் தாமே அளந்துகொள்ளலாம், கூச்சத்திற்கு இடமில்லை. எல்லை தாண்டியவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. இரத்தச் சீனியையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஒழுங்கான நடைப்பயிற்சியால் முதலில் இளகுவதும் பெரும்பாலும் இந்த உள்ளுறுப்புக் கொழுப்பே. தராசு அசையாத மாதத்திலும் நாடா சற்றுத் தளரக்கூடும்.

நோய் வந்தபின் ஸ்கான் எடுக்கப் பணம் திரட்டுவதிலும் பார்க்க, வருமுன் ஒரு நூலை எடுப்பது மேலானது என்பதே எமது நிலைப்பாடாகும்.